பிரெஞ்சு மொழியின் இறந்த காலங்கள்: கற்றலும் நினைவில் நிறுத்தலும்

(வெள்ளி விழாக் கல்வி அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வெள்ளி விழா மேடையில் இலக்கணம் பேசுவதா என்று சிலர் எண்ணக்கூடும். நம் சங்கத்தின் மாலை வகுப்புகளை இத்தனை ஆண்டுகள் நடத்தியதில் நாம் கண்ட உண்மை ஒன்று உண்டு. பிரெஞ்சு மொழி கற்க வரும் நம் பிள்ளைகள் நிகழ்காலத்தை ஊக்கத்தோடு கடந்து விடுகிறார்கள். இறந்த காலம் தொடங்கியதும் வகுப்பில் இருக்கைகள் காலியாகத் தொடங்குகின்றன. அறிவுக் குறைவு இதற்குக் காரணம் அன்று. வழி காட்டுவோர் இன்மையே காரணம். அந்த வழியைத்தான் இன்று இயன்ற அளவு சொல்ல முற்படுகிறோம்.

நமக்கு ஏன் இம்மொழி?

1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் ஆட்சி இந்திய ஒன்றியத்தின் கைக்கு வந்தது. 1956 மே 28 அன்று ஒப்படைப்பு உடன்படிக்கை கையெழுத்தானது. 1962 ஆகஸ்ட் 16 அன்று அது சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. ஆட்சி மாறினும் ஆவணங்கள் மாறவில்லை. பிறப்பு, திருமணம், இறப்பு, படைப்பணி, ஓய்வூதியம் ஆகியவை பற்றிய பழைய தாள்கள் பிரெஞ்சு மொழியிலேயே இருக்கின்றன.

1881 செப்டம்பர் 21 அன்று பிறப்பிக்கப்பட்ட ஆணை ஒன்றை ஈண்டு நினைவுகூர்தல் பொருத்தமாகும். வழிவழி வந்த சாதி, குல வழக்காறுகளைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்றுக்கொள்ள அவ்வாணை வழி வகுத்தது. அவ்வாறு ஏற்றோர் புதிய குடும்பப் பெயர் ஒன்றைச் சூட்டிக்கொண்டனர். அவர்களுள் ஒடுக்கப்பட்ட மக்கள் கணிசமாக இருந்தனர். நம் தெருக்களில் தகரப் பெட்டிக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கும் தாள்கள் சிலவற்றின் வேர் அங்கேதான் இருக்கிறது. அத்தாளை எடுத்துப் படிக்கும் பேரனோ பேத்தியோ முதலில் எதிர்கொள்வது இறந்த கால வினையைத்தான். ‘பிறந்தார்’, ‘மணந்தார்’, ‘இறந்தார்’, ‘அறிவித்தார்’ என்பன அல்லாமல் ஆவணத்தில் வேறு என்ன இருக்கும்?

ஏவலும் சான்றும்

சங்கத்தின் தொடக்க ஆண்டுகளில் நம் வகுப்புக்கு மூதாட்டி ஒருவர் வந்தார். பேத்தியை அழைத்துக்கொண்டு வந்தவர், திண்ணையில் அமர்ந்து பாடத்தைக் கேட்டுக்கொண்டிருப்பார். இளமையில் பிரெஞ்சுக் குடும்பம் ஒன்றின் சமையற்கட்டில் வேலை செய்தவர். அவருக்கு நிறையச் சொற்கள் தெரிந்திருந்தன. ‘அப்போர்த்’ என்றால் கொண்டுவா. ‘வியேன்’ என்றால் வா. ‘வா’ என்றால் போ! இதனைச் சொல்லி அவரே சிரிப்பார். ஒருநாள் நாம் அவரிடம், “ஆயா, உங்கள் சிறு வயதைப் பற்றி இரண்டு வாக்கியம் பிரெஞ்சில் சொல்லுங்கள்” என்றோம். அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, “செய் என்றுதான் என்னிடம் சொல்வார்கள், ஐயா. என்ன நடந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை” என்றார்.

அன்று நமக்கு ஒன்று விளங்கிற்று. நம் முன்னோருக்குக் கிடைத்த பிரெஞ்சு, ஏவல் வினைகளால் ஆனது. ஏவல் என்பது பணியாளின் காதுக்கு எட்டும் மொழி. இறந்த காலமோ சான்று கூறுவோரின் மொழி. ‘இது நடந்தது, நான் அங்கு இருந்தேன்’ என்று உரைக்கத் தெரிந்தவனையே மனுவும் வழக்கும் வரலாறும் கேட்கின்றன. ஆகவே இறந்த காலத்தை நாம் தேர்வு மதிப்பெண்ணுக்காக மட்டும் கற்கவில்லை என்பதை இளைஞர்கள் உணர வேண்டும்.

இறந்த காலம் இரண்டு

பிரெஞ்சு மொழி பேசுவோரும் எழுதுவோரும் அன்றாடம் கையாளும் இறந்த காலங்கள் இரண்டு. ஒன்றன் பெயர் பாஸே கொம்போஸே. மற்றதன் பெயர் எம்பர்ஃபே. நடந்து முடிந்த நிகழ்ச்சியைச் சொல்வது முன்னது. நிகழ்ச்சி நடந்தபோது இருந்த நிலையையும், வழக்கமாய் நடந்து வந்ததையும், நடந்துகொண்டிருந்ததையும் சொல்வது பின்னது. ‘மழை பெய்துகொண்டிருந்தது, கதவு திறந்தது’ என்னும்போது மழை எம்பர்ஃபே, கதவு பாஸே கொம்போஸே.

நம் நகரின் வரலாற்றையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆலைத் தொழிலாளர் நாள்தோறும் நெடுநேரம் உழைத்து வந்தனர். கூலி குறைவாக இருந்தது. இவ்விரண்டும் எம்பர்ஃபே. 1936 ஜூலை 30 அன்று சவானா ஆலைத் தொழிலாளர் மீது படையினர் சுட்டனர், பன்னிருவர் இறந்தனர். இவ்விரண்டும் பாஸே கொம்போஸே. அந்நாளுக்கு முன்பே அவர்கள் வேலைநிறுத்தத்தைத் தொடங்கியிருந்தனர். இது மூன்றாவதாகிய ப்ளுஸ் கெ பர்ஃபே. இறந்த காலத்திற்கும் முந்திய இறந்த காலம். ஒரே நிகழ்ச்சியைச் சொல்லும்போதே மூன்று காலங்களும் வந்து தத்தம் இடத்தில் நிற்பதைக் காண்க.

தமிழே நமக்குத் துணை

நன்னூலார் இறப்பு, நிகழ்வு, எதிர்வு எனக் காலம் மூன்றென்பார். இறந்த காலம் காட்டும் இடைநிலைகளாகத் த், ட், ற், இன் என்பவற்றைக் கூறுவார். ஆயினும் நாம் பேசும் முறையைச் சற்று உற்று நோக்குங்கள். ‘அந்நாளில் விடியற்காலையில் ஆலைச் சங்கு ஊதும், அப்பா எழுவார், அம்மா சோறு கட்டிக் கொடுப்பார்’ என்கிறோம். ஊதும், எழுவார், கொடுப்பார் என்பன வடிவத்தால் எதிர்காலம். பொருளால் இறந்த கால வழக்கம். இன்று அந்தச் சங்கு ஊதுவதில்லை என்பது கேட்போர் எல்லார்க்கும் தெரியும்.

நம் மாணவர் தடுமாறும் முதல் இடம் இதுவே. ‘எழுவார்’ என்று மனம் சொல்ல, கை பிரெஞ்சின் எதிர்காலத்தை எழுதிவிடுகிறது. இங்கு வர வேண்டியது எம்பர்ஃபே. ஆகவே இவ்வாறு நினைவில் கொள்க:

கடந்த நாளைப் பற்றிப் பேசுகையில், தமிழில் ‘வருவார்’ என்றோ ‘வந்துகொண்டிருந்தார்’ என்றோ சொல்ல முடிந்தால், எம்பர்ஃபே.

‘வந்தார்’, ‘வந்துவிட்டார்’, ‘வந்திருக்கிறார்’ என்று சொல்ல முடிந்தால், பாஸே கொம்போஸே.

‘வந்திருந்தார்’ என்று சொல்ல முடிந்தால், பெரும்பாலும் ப்ளுஸ் கெ பர்ஃபே.

இந்த ஒப்புமை பொருளோடு நில்லாமல் அமைப்பிலும் தொடர்கிறது. ‘வந்திருக்கிறார்’ என்பதில் ‘வந்து’ என்னும் எச்சமும் ‘இருக்கிறார்’ என்னும் நிகழ்காலத் துணைவினையும் உள்ளன. பாஸே கொம்போஸேயும் நிகழ்காலத் துணைவினை ஒன்றும் எச்சம் ஒன்றும் சேர்ந்ததுதான். கூட்டுக் காலம் என்பதே அப்பெயரின் பொருள். ‘இருக்கிறார்’ என்பதை ‘இருந்தார்’ ஆக்கினால் ‘வந்திருந்தார்’ கிடைக்கிறதல்லவா? அங்கும் துணைவினையை எம்பர்ஃபே ஆக்கினால் ப்ளுஸ் கெ பர்ஃபே கிடைக்கிறது. தமிழ் அறிந்தவனுக்கு இது புதிய பாடமே அன்று.

அமைக்கும் முறை

எம்பர்ஃபே அமைப்பது எளிது. ‘நாம்’ என்று பொருள்படும் ‘நூ’ என்னும் எழுவாய்க்குரிய நிகழ்கால வடிவத்தை எடுத்துக்கொள்க. ‘நூ பர்லோன்’ என்றால் நாம் பேசுகிறோம். இறுதியில் உள்ள ‘ஓன்’ என்பதை நீக்கினால் ‘பர்ல்’ என்னும் அடி கிடைக்கிறது. அதனோடு விகுதியைச் சேர்த்தால் ‘பர்லே’. பேசிக்கொண்டிருந்தான், பேசுவான் என்பது பொருள். எல்லா வினைக்கும் இதுவே விதி; ‘இரு’ என்னும் பொருளுடைய எத்ர் ஒன்றே விலக்கு; அது ‘எத்தே’ என்று வரும். ஆறு விகுதிகளில் நான்கு எழுத்தில் வேறுபட்டாலும் காதுக்கு ஒன்றே. ஆகவே ‘நாம்’ என்னும் வடிவத்தைச் செம்மையாகக் கற்றவன் எம்பர்ஃபேயில் தவற மாட்டான்.

பாஸே கொம்போஸேக்குத் துணைவினையும் எச்சமும் வேண்டும். பெரும்பாலான வினைகளுக்குத் துணையாய் வருவது அவுவார். உடைமையைக் குறிக்கும் வினை. தமிழில் அப்படி ஒரு வினை இல்லாமையால் முதலில் விந்தையாகத் தோன்றும், பழகினால் சரியாகும்.

இங்கே காதுக்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. ‘இல் ஆ பர்லே’ என்பது பேசினான். ‘இல் பர்லே’ என்பது பேசிக்கொண்டிருந்தான். இறுதி ஒலிகளில் நுண்ணிய வேறுபாடு உண்டு. நம் செவிக்கு அது எளிதில் எட்டுவதில்லை. நம் எழுத்தில் அதைக் காட்டவும் இயலாது. எட்டக்கூடியது நடுவில் நிற்கும் ‘ஆ’ என்னும் ஓரெழுத்துத் துணைவினையே. அதனைக் கேட்கப் பழகுங்கள். பேசும்போது அதனை விழுங்காதீர்கள்.

வீட்டில் வாழும் வினைகள்

சில வினைகள் மட்டும் அவுவாரை விடுத்து எத்ர் என்பதைத் துணையாகக் கொள்ளும். பிரெஞ்சு ஆசிரியர்கள் இதனை நினைவில் நிறுத்த ஒரு வீடு வரைந்து காட்டுவது வழக்கம். வீட்டை நோக்கி வருகிறான், வந்து சேர்கிறான், உள்ளே நுழைகிறான், மாடிக்கு ஏறுகிறான், இறங்குகிறான், விழுகிறான், தங்குகிறான், வெளியேறுகிறான், புறப்படுகிறான், திரும்புகிறான். அவ்வீட்டில் ஒருவர் பிறக்கிறார், ஒருவர் இறக்கிறார். இவை யாவும் எத்ர் குடும்பம். எழுந்தான், குளித்தான் என்பன போலத் தன்மீதே செயல் திரும்பும் வினைகளும் அக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ‘பெட்டியை மாடிக்கு ஏற்றினான்’ என்பது போல் செயப்படுபொருள் வந்தால் மட்டும் வீட்டு வினையும் அவுவாருக்கு மாறிவிடும்.

எத்ர் வரும்போது எழுவாயின் பாலும் எண்ணும் எச்சத்தில் தெரிய வேண்டும். பிறந்தான், பிறந்தாள், பிறந்தனர் என்று வினையிலேயே பால் காட்டிப் பழகிய நமக்கு இது கடினமன்று. ‘பிறந்த’ என்பதற்குரிய ‘நே’ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே ஒலிதான். எழுத்தில் பெண்ணுக்கு ஓர் எழுத்து கூடும். விண்ணப்பத்தில் அவ்வோரெழுத்து விடுபட்டால் பிழை பிழையே.

இவ்வீட்டை நம் வகுப்பில் முதன்முதல் வரைந்தபோது, திண்ணையில் இருந்த அந்த மூதாட்டி எழுந்து கரும்பலகை அருகே வந்தார். வரைந்திருந்த முன்வாசலைச் சுட்டி, “நான் பின்வாசல் வழியாகத்தான் போவேன்” என்றார். அது எம்பர்ஃபே என்றோம். சற்று நேரம் கழித்து, “என் மகன் பள்ளிக்கூடத்தில் நுழைந்தான்” என்றார். அது பாஸே கொம்போஸே, துணைவினை எத்ர் என்றோம். ‘மோன் ஃபீஸ் எத் ஆந்த்ரே ஆ லெகோல்’ என்று அவரை மும்முறை சொல்ல வைத்தோம். அவர் வாழ்நாளில் பிரெஞ்சு மொழியில் கூறிய முதல் சான்று அதுவாகத்தான் இருக்க வேண்டும். நுழைதல் என்னும் வினைக்கு எது துணை என்னும் ஐயம் அன்று முதல் நம் வகுப்பில் எவருக்கும் எழுந்ததில்லை.

தவறும் இடங்கள்

காலம் நீண்டதாயின் எம்பர்ஃபே, குறுகியதாயின் பாஸே கொம்போஸே என்று பலர் எண்ணுகிறார்கள். இது தவறு. பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்தார். பத்தாண்டு நெடிய காலம்தான். எனினும் தொடக்கமும் முடிவும் சொல்லி வேலி கட்டிவிட்டமையால் அது பாஸே கொம்போஸே. அவர் ஈசுவரன் தர்மராஜா கோயில் தெருவில் குடியிருந்தபோது நண்பர்கள் அவரைக் காண வருவார்கள். வேலி இல்லாத இவ்வழக்கம் எம்பர்ஃபே. 1913-ஆம் ஆண்டில் நம் இனத்து இளைஞர் கனகலிங்கத்திற்கு அவர் பூணூல் அணிவித்தார், பாஸே கொம்போஸே. கனகலிங்கம் பின்னாளில் தம் குருநாதரைப் பற்றித் தாமே நூல் எழுதினார் என்பதையும் நம் இளைஞர் மறத்தலாகாது. நடந்ததைப் பிறர் எழுதக் காத்திராமல் தாமே எழுதினார்.

மற்றொரு பிழை நம் வகுப்பிலேயே நேர்ந்தது. பிரெஞ்சுப் படையில் பணியாற்றி மறைந்த ஒருவரின் பேரன், தன் பாட்டியின் ஓய்வூதியத்திற்காக ஒரு கடிதம் எழுதிக் கொணர்ந்தான். தாத்தா இறந்தார் என்று எழுத எண்ணி, ‘இல் மூரே’ என்று எம்பர்ஃபேயில் எழுதியிருந்தான். வகுப்புக்கு வந்திருந்த ஓய்வுபெற்ற படைவீரர் ஒருவர் அதனைப் படித்துவிட்டு, “தம்பி, நீ எழுதியபடி உன் தாத்தா இன்னும் இழுத்துக்கொண்டு கிடக்கிறார். பாட்டிக்குப் பணம் எப்படி வரும்?” என்றார். அனைவரும் சிரித்தோம், பேரனும் சிரித்தான். ‘இல் எ மோர்’ என்று திருத்தி எழுதிய பின்னரே அக்கடிதம் அஞ்சலுக்குச் சென்றது.

நினைவில் நிறுத்தும் வழி

எர்மன் எபிங்கவுஸ் என்னும் செருமானிய அறிஞர் பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, எவ்வளவு விரைவில் மறக்கிறோம் என்பதை அளந்து 1885-இல் நூலாக வெளியிட்டார். கற்ற உடனேயே மறதி மிக விரைவாகவும், நாள் செல்லச் செல்ல மெதுவாகவும் நிகழும் என்று அவர் கண்டார். ஒரே அமர்வில் நூறு முறை படிப்பதிலும் நாள் இடைவெளி விட்டுச் சிலமுறை படிப்பது பயன் தரும் என்பதும் அவர் கண்டதே. ஆகவே இன்று கற்றதை இன்றிரவு ஒருமுறையும், நாளை ஒருமுறையும், ஒரு வாரம் கழித்தும், ஒரு மாதம் கழித்தும் சொல்லிப் பாருங்கள். ஏட்டை மூடிவிட்டுச் சொல்ல வேண்டும். பார்த்துக்கொண்டே படிப்பது நினைவைச் சோதிப்பதாகாது.

ஒழுங்கற்ற எச்சங்களை வாய்பாடு போல் ஓசையால் தொகுத்துக் கொள்க. கண்ட, படித்த, அறிந்த, இயன்ற, குடித்த என்னும் பொருளில் வு, லு, சு, பு, பு என்று ஒரு வரிசை. முதலாவது பு இயன்ற, இரண்டாவது பு குடித்த. இரண்டாவதற்குத் தொண்டை அதிர ஒலி எழுப்ப வேண்டும். இவ்வுகரத்தை உதடு ‘உ’ போலக் குவிய, நா ‘இ’ போல நிற்க ஒலிக்க வேண்டும். எடுத்த, வைத்த, சொன்ன, எழுதிய என்னும் பொருளில் ப்ரி, மி, தி, எக்ரி என்று மற்றொரு வரிசை. சிறு பிள்ளைகள் பெருக்கல் வாய்பாடு ஒப்பிப்பது போல் உரக்கச் சொன்னால் ஒரு வாரத்தில் படிந்துவிடும்.

எல்லாவற்றினும் மேலான வழி ஒன்று உண்டு. ஒவ்வோர் இரவும் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் அவர் வாழ்வில் நடந்த ஒன்றைக் கேளுங்கள். அப்போது எப்படி இருந்தது? ஒரு வாக்கியம், எம்பர்ஃபே. என்ன நடந்தது? ஒரு வாக்கியம், பாஸே கொம்போஸே. அதற்கு முன்பே என்ன நிகழ்ந்திருந்தது? ஒரு வாக்கியம், ப்ளுஸ் கெ பர்ஃபே. பாடநூலில் வரும் பாரிசு நகரத்து மனிதர் நேற்று ரொட்டி வாங்கியதை நாம் மறந்துவிடுவோம். நம் ஆயா சொன்னதை மறக்க மாட்டோம்.

பழைய நூல்களில் பாஸே சேம்ப்ள் என்னும் மற்றோர் இறந்த காலமும் வரும். அது இன்று பேச்சில் வழங்குவதில்லை. கண்டால் அறிந்துகொள்ளும் அளவு தெரிந்தால் போதும். 1942-இல் அல்பேர் காமு பாஸே கொம்போஸேயில் எழுதிய தம் அந்நியன் என்னும் நாவலை வெளியிட்ட பின், கதை சொல்லவும் பேச்சு வழக்குக் காலம் தகும் என்பது நிலைபெற்றது. பிற்காலத்தில் ஸ்பானிய மொழி கற்க விழைவோர்க்கும் இவ்வுழைப்பு வீண் போகாது. அதுவும் இலத்தீனின் வழிவந்த மொழியே; முடிந்த செயலுக்கு ஒன்று, தொடர்ந்த நிலைக்கு ஒன்று என்று அங்கும் இறந்த காலம் பிரிந்தே நிற்கிறது.

நிறைவாக

இளைஞர்களே! எம்பர்ஃபே ஒரு நிலை இருந்தது என்று சொல்லும். அது முடிந்துவிட்டது என்று தானாக உறுதி கூறாது. முடித்து வைத்த செயலைச் சொல்ல மற்றொரு வாக்கியம் வேண்டும். ‘நம் முன்னோர் வாசலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார்கள்’ என்பதோடு உரையை நிறுத்தினால் அவர்கள் இன்னும் அங்கேயே நிற்கிறார்கள். ‘இன்ன நாளில், இன்னார் உள்ளே நுழைந்தார்’ என்று அடுத்த வாக்கியத்தை எழுதுங்கள். எழுதுவதற்கு அப்படி ஒரு செயல் இன்னும் நிகழவில்லையாயின், அந்த இழிவை இறந்த காலத்தில் எழுதாதீர்கள். எங்கேனும் தனிக்குவளை இருக்குமாயின் ‘இருக்கிறது’ என்றே எழுதுங்கள். காலம் பிழைபட்டால் சான்றும் பிழைபடும்.

சங்கத்தின் மாலை வகுப்பு வரும் ஆண்டிலும் நடைபெறும். தகரப் பெட்டியில் உள்ள தாளை எடுத்து வாருங்கள். அதனையே பாடமாகக் கொள்வோம். வீட்டிலுள்ள மூத்தோரையும் அழைத்து வாருங்கள். இம்முறை அவர்களுக்குத் திண்ணையில் அல்ல, முன்வரிசையில் இடம் தருவோம்.